பூட்டுக்குத் துட்டு யார் தருவது?

கேன்டீன் பெஞ்ச் – வாரம் ஒரு வாக்குவாதம்

டீ சொல்லியாச்சா? சமோசா வர்றதுக்குள்ள ஒரு சின்ன விளையாட்டு.

இப்போ நீங்க காலேஜ் ஸ்டூடன்ட் இல்லை. அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். அந்த ஊர்ப் பள்ளிகளை நிர்வகிக்கிற போர்டில் நீங்க ஒரு மெம்பர். ஊர் ஜனங்க ஓட்டுப் போட்டு உங்களை உட்கார வெச்சிருக்காங்க. 500 பிள்ளைங்க படிக்கிற ஒரு பள்ளிக்கூடம். உங்க கையில் ஒரு லட்சம் டாலர். பெற்றோர் கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து கேட்கிறார்: "நாளைக்கு ஒருத்தன் துப்பாக்கியோட உள்ளே வந்தா, என் பிள்ளையைக் காப்பாத்த என்ன வெச்சிருக்கீங்க?"

ஹால் முழுக்க உங்களையே பார்க்குது. என்ன வாங்குவீங்க?

தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு, கேமரா, உடையாத கண்ணாடியா? துப்பாக்கி வைத்திருக்கும் ஒரு போலீஸ்காரரா? இல்லை, பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுகிற ஒரு கவுன்சிலரா?

'மூணும் வேணும்'னு நழுவாதீங்க பாஸ். ஒரு லட்சத்தில் மூணும் வராது. முக்கியமான இன்னொரு விஷயம்... அடுத்த வருஷமும் அந்த ஒரு லட்சம் வருமான்னு யாரும் உங்களுக்குச் சொல்லலை!

விளையாட்டுன்னு சொன்னேனே தவிர, அமெரிக்காவில் இது கால் நூற்றாண்டுக்கும் மேலாக நிஜமாகவே நடந்துகிட்டிருக்கிற சண்டை. பள்ளிகளில் வன்முறையைத் தடுக்க எதுக்குச் செலவு செய்யணும், அந்தப் பணத்தை யார் தரணும்? இந்த வாரம் நம்ம பெஞ்சில் இதுதான் டாபிக். துப்பாக்கிச் சட்டம் சரியா தப்பான்னு இன்னொரு பெரிய சண்டை இருக்கு. அதை இன்னொரு நாள் வெச்சுக்கலாம். இன்னிக்குப் பேச்சு துட்டு பற்றி மட்டும்தான்.

சண்டை ஆரம்பித்த இடம்

1999 ஏப்ரல் 20. கொலராடோ மாநிலத்தில் கொலம்பைன் உயர்நிலைப் பள்ளி. அங்கே படித்த இரண்டு மாணவர்களே துப்பாக்கிகளோடு வந்து, அன்றைக்கு 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றார்கள். அதற்கு முன்பும் பள்ளிகளில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதுண்டு. ஆனால், 'பாதுகாப்பு' என்பது பள்ளி பட்ஜெட்டில் ஒரு பெரிய தலைப்பாக மாறியது அதற்குப் பிறகுதான்.

அப்புறம் பட்டியல் நீண்டது. 2012 டிசம்பர் 14, கனெக்டிகட் மாநிலம் சாண்டி ஹுக் தொடக்கப் பள்ளி: 20 குழந்தைகள், 6 பெரியவர்கள். 2018 பிப்ரவரி 14, ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட்: 17 பேர். 2022 மே 24, டெக்சாஸின் யுவால்டி: 19 குழந்தைகள், 2 ஆசிரியைகள்.

ஒவ்வொரு முறையும் அதே வரிசைதான். அழுகை, கோபம், மெழுகுவத்தி, அப்புறம் 'இத்தனை கோடி டாலர் ஒதுக்கீடு' என்று ஓர் அறிவிப்பு. அந்தக் கோடிகள் எங்கே போகுதுன்னு பார்க்கத்தான் ரெண்டு அணி ரெடி பண்ணியிருக்கேன். நடுவர் நீங்கதான்.

முதல் அணி: பூட்டும் போலீஸும்

இந்த அணியின் வாதம் ரொம்ப நேரடியானது. "துப்பாக்கியோட ஒருத்தன் வாசலில் நிற்கும்போது அவனுக்கு கவுன்சிலிங் கொடுக்க முடியுமா? கதவு பூட்டியிருக்கணும். உள்ளே ஒரு துப்பாக்கி இருக்கணும். அவ்வளவுதான்."

சும்மா சொல்லலை, ஆதாரமும் வெச்சிருக்காங்க. 2018 மே மாதம், இல்லினாய்ஸ் மாநிலம் டிக்ஸன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு முன்னாள் மாணவர் துப்பாக்கியால் சுட ஆரம்பித்தார். பள்ளியில் இருந்த போலீஸ் அதிகாரி துரத்திப்போய்த் திருப்பிச் சுட்டுப் பிடித்தார். ஒரு மாணவருக்கும் காயமில்லை. 2024 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் அப்பலாச்சி பள்ளியில் 4 பேர் உயிரிழந்தார்கள். ஆனால், ஆசிரியர்கள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையிலேயே அபாய பட்டன் இருந்தது. அழுத்தின சில நிமிஷத்தில் பள்ளியின் போலீஸ் அதிகாரிகள் வந்து மடக்கினார்கள். அது இல்லைன்னா எண்ணிக்கை எங்கே போயிருக்கும்?

நல்ல வாதம்தான். ஆனால், எதிர்க் கேள்விகளும் இருக்கே.

பார்க்லேண்டில் ஆயுதம் ஏந்திய ஓர் அதிகாரி இருந்தார். சுட்டுக்கொண்டிருந்த கட்டடத்துக்குள் அவர் போகவில்லை. (பின்னாளில் வழக்கு நடந்து, 2023ல் ஜூரி அவரை விடுவித்தது.) சாண்டி ஹுக் பள்ளியின் முன்கதவு பூட்டித்தான் இருந்தது. பக்கத்துக் கண்ணாடியைச் சுட்டு உடைத்து உள்ளே நுழைந்தான் கொலைகாரன்.

யுவால்டி கதை இன்னும் வலிக்கும். அந்தப் பள்ளி நிர்வாகத்துக்குன்னு சொந்தமாகவே ஒரு சின்ன போலீஸ் படை இருந்தது. 2019ல் டெக்சாஸ் மாநிலம் பள்ளிகளைப் பலப்படுத்த ஒதுக்கிய 10 கோடி டாலரில் யுவால்டிக்கும் சுமார் 69,000 டாலர் பங்கு வந்தது. அன்றைக்கு அந்தப் பள்ளி வளாகத்துக்கு வந்து சேர்ந்த போலீஸ்காரர்கள் 376 பேர். ஆனால், கொலைகாரனை நெருங்க 77 நிமிஷம் ஆனது.

அப்புறம் டெக்சாஸ் சட்டமன்றக் குழு விசாரித்துச் சொன்ன ஒரு சின்ன விஷயம்தான் என்னை உலுக்குது. தாக்குதல் நடந்த வகுப்பறைகளில் ஒன்றின் கதவு சரியாகப் பூட்டாது. அது பள்ளியில் பலருக்கும் தெரியும். 'ரிப்பேர் பண்ணுங்க'ன்னு எழுத்தில் ஒரு கோரிக்கை மட்டும் போகவே இல்லை.

கவனிச்சீங்களா? பூட்டு வாங்கப் பணம் இருந்தது. பூட்டு வேலை செய்யுதான்னு தினமும் பார்க்க ஆள் இல்லை. இதை மனசில் முடிச்சுப் போட்டு வெச்சுக்கோங்க. கடைசியில் அவிழ்க்கணும்.

2021ல் ஜாமா மருத்துவ இதழ்க் குழுமம் வெளியிட்ட ஓர் ஆய்வும் இருக்கு. 1980 முதல் 2019 வரை நடந்த 133 சம்பவங்களை எடுத்துக்கொண்டு பார்த்தாங்க. ஆயுதக் காவலர் இருந்த பள்ளிகளில் உயிரிழப்பு குறைஞ்சதாகத் தெரியலை. இன்னும் சொன்னா, அங்கே உயிரிழப்பு விகிதம் 2.83 மடங்கு அதிகம்! 'காவலர் இருந்ததால்தான் செத்தாங்க'ன்னு இதுக்கு அர்த்தமில்லை. சாகத் துணிஞ்சு வர்றவனைக் காவலரின் துப்பாக்கி பயமுறுத்தாது என்பதுதான் ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இரண்டாவது அணி: காது கொடுப்பவர்கள்

இந்த அணி வேற இடத்திலிருந்து ஆரம்பிக்குது. "கதவுக்கு வந்தப்புறம் தடுக்கறது கடைசி நிமிஷம். அதுக்கு முன்னாடி பல வாரம் இருக்கு. அந்த வாரங்களில் அந்தப் பையன் யார்கிட்டயாவது பேசியிருப்பான்."

இது வெறும் சென்டிமென்ட் இல்லை. அமெரிக்க ரகசியப் பாதுகாப்புத் துறை, அதாவது அதிபருக்கே காவல் நிற்கிற அதே துறை, கல்வித் துறையோடு சேர்ந்து 1974 முதல் 2000 வரை நடந்த 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்தது. பத்தில் எட்டுச் சம்பவங்களில், குறைந்தது ஒருவருக்காவது முன்கூட்டியே விஷயம் தெரியும். அந்த 'ஒருவர்' யார்? கிட்டத்தட்ட எப்போதுமே கூடப் படித்தவர்கள். நண்பன், கிளாஸ்மேட், தம்பி, தங்கை.

அதே துறை 2021ல் இன்னொரு அறிக்கை கொடுத்தது. இந்த முறை நடக்காமல் தடுக்கப்பட்ட 67 சதிகளைப் பற்றி. அதிலும் அதே கதைதான். பெரும்பாலும் சக மாணவர்கள் யாரிடமாவது போய்ச் சொன்னதால்தான் தடுக்க முடிந்தது.

'யாரிடமாவது' என்றால்... யாரிடம்? இதுதான் இந்த அணியின் கேள்வி. அமெரிக்கப் பள்ளி கவுன்சிலர்கள் சங்கம் 250 மாணவருக்கு ஒரு கவுன்சிலர் வேணும்னு சொல்லுது. 2022-23 கல்வி ஆண்டில் நாட்டின் சராசரி, 385 மாணவருக்கு ஒருவர். அமெரிக்க மக்கள் உரிமைச் சங்கம் 2019ல் வெளியிட்ட கணக்கு இன்னும் மோசம். பள்ளியில் போலீஸ் உண்டு. ஆனால் கவுன்சிலர், நர்ஸ், மனநல நிபுணர், சமூகப் பணியாளர் ஆகிய நால்வரில் யாராவது ஒருவரேனும் இல்லை. அப்படிப்பட்ட பள்ளிகளில் படிக்கும் மாணவர்கள் 1 கோடியே 40 லட்சம் பேர்.

சரி, இந்த அணியை அப்படியே ஜெயிக்க விட்டுடலாமா? முடியாது. 2021 நவம்பர் 30, மிஷிகன் மாநிலத்தின் ஆக்ஸ்ஃபோர்ட் உயர்நிலைப் பள்ளி. ஒரு பையன் வரைந்த படத்தைப் பார்த்துப் பயந்து ஆசிரியை கவுன்சிலரிடம் அனுப்பினார். அப்பா, அம்மாவை வரவழைத்துப் பேசினார்கள். ஆனால், பையன் மறுபடி வகுப்புக்கே அனுப்பப்பட்டான். அவன் பையை யாரும் திறந்து பார்க்கவில்லை. அன்றே அவன் சுட்டதில் 4 மாணவர்கள் பலியானார்கள்; மூவர் அன்றே, ஒருவர் மறுநாள். ஆக, கவுன்சிலர் நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் மட்டும் போதாது. அவருக்குப் பயிற்சி வேணும், நேரம் வேணும், முடிவெடுக்க ஒரு குழு வேணும். எல்லாத்துக்கும் மறுபடி... துட்டு!

இங்கேயே இன்னொரு விஷயமும் சொல்லிடறேன். ஆக்ஸ்ஃபோர்ட் துப்பாக்கி அந்தப் பையனுக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. 2024ல் அப்பாவும் அம்மாவும் தனித்தனி விசாரணைகளில் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ரகசியப் பாதுகாப்புத் துறை ஆராய்ந்த சம்பவங்களிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் துப்பாக்கி வந்தது சொந்த வீட்டிலிருந்தோ, சொந்தக்காரர் வீட்டிலிருந்தோதான். பள்ளிக் கதவுக்குப் பூட்டு வாங்குவதற்கு முன்னால் வீட்டு பீரோவுக்குப் பூட்டு! துப்பாக்கித் தயாரிப்பாளர் சங்கமே இலவசமாகப் பூட்டு விநியோகிக்கிறது. இதைவிட மலிவான பாதுகாப்பு இருக்கா, சொல்லுங்க.

ஒரு கணக்குப் போடுவோமா?

பயப்படாதீங்க, அரியர் வைக்கிற கணக்கு இல்லை.

அமெரிக்காவில் அரசுப் பள்ளிகள் சுமார் 98,000. மாணவர்கள் கிட்டத்தட்ட 5 கோடி. 2019-20 கணக்குப்படி சுமார் பாதிப் பள்ளிகளில் வாரத்துக்கு ஒரு முறையாவது போலீஸ் அதிகாரி இருந்தார். மீதிப் பாதிக்கு ஆளுக்கு ஒருவரைப் போட்டால், 49,000 பேர். ஒருவருக்கு வருஷம் 75,000 டாலர் செலவுன்னு ஒரு பேச்சுக்கு வெச்சுக்குவோம். கூட்டினா வருஷத்துக்கு சுமார் 370 கோடி டாலர்.

இப்போ கவுன்சிலர். 385க்கு ஒருவர் என்பதை 250க்கு ஒருவர் என்று மாற்ற, இன்னும் 70,000 பேர் தேவை. அதே 75,000 டாலர் போட்டால், வருஷம் சுமார் 525 கோடி.

இப்போ இதைப் பாருங்க. யுவால்டிக்கு அடுத்த மாதமே, 2022 ஜூனில், ரெண்டு கட்சியும் சேர்ந்து ஒரு சட்டம் போட்டாங்க. பள்ளிகளில் மனநலப் பணியாளர்களைச் சேர்க்க 100 கோடி டாலர். கேட்கவே பிரமிப்பா இருக்கு இல்ல? ஆனா அது 5 வருஷத்துக்கு. அப்போ வருஷத்துக்கு 20 கோடி. தேவை 525, கையில் 20. சமோசாவுக்கே பத்தாது, பிரியாணி எங்கே?

அப்போ மீதியை யார் போடறது? வாங்க, மெயின் மேட்டருக்கு.

யார் பாக்கெட்டிலிருந்து?

அமெரிக்காவில் அரசுப் பள்ளிக்கு ஆகிற செலவில் மத்திய அரசின் பங்கு வழக்கமாகப் பத்தில் ஒன்று அளவுதான். மீதியை மாநில அரசும் உள்ளூரும் ஏறக்குறைய சரிபாதியாகப் போடுகின்றன. உள்ளூர்ப் பணம் என்பது பெரும்பாலும் வீட்டு வரி. ஆக, கல்லாப்பெட்டி மூணு. நாலாவதா புதுசா ஒண்ணு வந்திருக்கு.

முதல் கல்லா, வீட்டு வரி. பார்க்லேண்ட் இருக்கிற ப்ரோவார்ட் மாவட்டத்தில், சம்பவம் நடந்த அதே 2018 ஆகஸ்டில் மக்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். வீட்டின் வரி மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 50 சென்ட் கூடுதல் வரி. ஆசிரியர் சம்பளத்துக்கும், பள்ளிக் காவலர்களுக்கும், கவுன்சிலர்களுக்கும். மதிப்பு 2 லட்சம் டாலர் என்றால் வருஷம் 100 டாலர். மக்கள் 'சரி' என்றார்கள். நாலு வருஷம் கழித்து, 2022ல், அதை இரட்டிப்பாக்கவும் 'சரி' என்றார்கள். சபாஷ்! ஆனால், இதில் ஒரு சிக்கல். வீட்டு விலை அதிகமுள்ள ஊரில் கொஞ்சம் வரி போட்டாலே கொட்டும். ஏழை ஊரில் எவ்வளவு போட்டாலும் சொட்டும். வசதியான ஊர்ப் பிள்ளைக்கு ஒரு பாதுகாப்பு, ஏழை ஊர்ப் பிள்ளைக்கு வேற பாதுகாப்பா?

இரண்டாவது கல்லா, மாநிலம். டெக்சாஸ் 2023ல் ஒவ்வொரு பள்ளியிலும் ஆயுதம் ஏந்திய ஒருவர் கட்டாயம்னு சட்டம் போட்டது. அதுக்குக் கொடுத்தது பள்ளிக்கு 15,000 டாலர், மாணவருக்கு 10 டாலர். நம்ம 500 பேர் பள்ளிக்குக் கணக்குப் போடுங்க: மொத்தம் 20,000. இதில் ஒரு போலீஸ்காரருக்கு வருஷ சம்பளம் கொடுக்க முடியுமா? 'மீதி உங்க பாடு'ன்னு விட்டுட்டாங்க. பள்ளி நிர்வாகங்கள் கத்தின பிறகு, 2025ல் தொகையை உயர்த்தினார்கள். உத்தரவு போடறவர் ஒருத்தர், பில் கட்டறவர் இன்னொருத்தர். ஹாஸ்டல் மெஸ்ஸில் பார்த்த கதை மாதிரி இல்ல?

ஃப்ளோரிடா கொஞ்சம் வித்தியாசம். பார்க்லேண்டுக்கு மூணே வாரத்தில் சுமார் 40 கோடி டாலருக்கு ஒரு சட்டம். அதில் கட்டடங்களைப் பலப்படுத்த சுமார் 9.9 கோடி, பள்ளிக் காவலருக்கு சுமார் 9.75 கோடி, மனநல உதவிக்கு சுமார் 6.9 கோடி. அந்த மனநலப் பணத்தை 'இந்த ஒரு தடவை மட்டும்'னு முடிக்காமல், வருஷா வருஷம் பட்ஜெட்டில் வரும் வரியாகவே ஆக்கினார்கள். தொகையும் பின்னாடி கூடிக்கிட்டே போச்சு. இதையும் ஒரு முடிச்சுப் போட்டு வெச்சுக்கோங்க.

மூன்றாவது கல்லா, வாஷிங்டன். பெரிய கல்லாதான். ஆனால், திறக்கிற மாதிரி திறந்து மூடும். பள்ளிகளுக்கு போலீஸ் போட மத்திய நீதித் துறை ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஓர் அதிகாரிக்கு மூணு வருஷத்துக்கு அதிகபட்சம் 1,25,000 டாலர். 6,000க்கும் மேற்பட்ட அதிகாரிகள் வந்தார்கள். 2005க்குப் பிறகு அந்தத் திட்டத்தில் புதுப் பணம் இல்லை. மேலே சொன்ன 100 கோடி கவுன்சிலர் திட்டத்துக்கும் அதே கதி. 2025 ஏப்ரலில், 'இனி தொடர மாட்டோம்'னு மத்திய கல்வித் துறை பல பள்ளி நிர்வாகங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. மாநிலங்கள் கோர்ட்டுக்குப் போயின. ஆனால், ஒண்ணு யோசிங்க. ரெண்டு வருஷமா ஒரு அக்காகிட்ட மனசு விட்டுப் பேசிப் பழகின ஒரு பொண்ணுக்கு, 'அந்த அக்கா இருப்பாங்களா, போயிடுவாங்களா, தெரியாது'ன்னு யார் போய்ச் சொல்றது?

நாலாவது கல்லாதான் புதுசு. துப்பாக்கி வரி. 'எதனால் செலவு வருதோ அதுமேலேயே வரி போடு' என்கிற லாஜிக். கலிஃபோர்னியா 2024 ஜூலை முதல் துப்பாக்கி, தோட்டா விற்பனைக்கு 11 சதவிகிதம் தனி வரி போடுது. வசூலில் முதல் 7.5 கோடி டாலர் ஊர்களில் வன்முறைத் தடுப்புப் பணிக்கு. அடுத்த 5 கோடி பள்ளிப் பாதுகாப்புக்கு. கொலம்பைன் இருக்கிற அதே கொலராடோவில், 2024 நவம்பரில் மக்களே ஓட்டுப் போட்டு 6.5 சதவிகித வரிக்கு சம்மதித்தார்கள்.

'இது அநியாயம்'னு எதிர்ப்பும் பலமா இருக்கு. துப்பாக்கி வைத்திருப்பது அங்கே அரசியல் சாசன உரிமை. "எவனோ செய்த கொலைக்கு மான் வேட்டைக்குப் போகிற நான் ஏன் தண்டம் கட்டணும்?" என்று கேட்கிறார்கள். எதிரணி பதில் சொல்லுது: "1937லிருந்தே துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் மத்திய அரசு 10, 11 சதவிகித வரி போட்டு, அந்தப் பணத்தில் காட்டு விலங்குகளைப் பாதுகாக்குதே! மானுக்குக் கொடுப்பீங்க, மாணவனுக்குக் கொடுக்க மாட்டீங்களா?"

பதில் சூப்பர். ஆனாலும், இந்தக் கல்லாவில் ஓட்டை இருக்கு. துப்பாக்கி விற்பனை குறைஞ்சா வரியும் குறையும். விற்பனை கூடினால்தான் பள்ளிக்குப் பணம்! மது விற்ற காசில் நலத்திட்டம் நடத்தலாமான்னு நம்ம ஊர் டீக்கடையில் நடக்கிற சண்டை மாதிரியே இருக்கா? இன்னொண்ணு, கொலராடோ வரியில் எதிர்பார்த்த சுமார் 3.9 கோடி டாலரில், பெரும்பகுதி குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கான உதவிக்கு. பள்ளிப் பாதுகாப்புக்குன்னு ஒதுக்கினது 10 லட்சம் டாலர். அங்கே பள்ளிகள் சுமார் 1,900. வகுத்துப் பாருங்க. ஒரு பள்ளிக்கு 500 டாலர் சொச்சம். நல்ல செல்போன் ஒண்ணு வாங்கலாம்.

நடுவர் தீர்ப்பு

இப்போ அந்த ரெண்டு முடிச்சையும் அவிழ்ப்போம்.

யுவால்டியில் பூட்டு இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஃப்ளோரிடாவில் மனநலப் பணம் வருஷா வருஷம் வந்தது, அதனால் ஆள் தங்கினார்கள். ரெண்டுக்கும் நடுவில் இருக்கு விஷயம். பூட்டா, போலீஸா, கவுன்சிலரா என்று நாம் சண்டை போடுகிறோம். ஆனால், பணம் எப்படி வருதுன்னு பாருங்க. அதுவே பாதி முடிவை எடுத்துவிடுகிறது.

ஒரே தடவை வரும் பணத்தில் எந்த போர்டு மெம்பரும் பொருள்தான் வாங்குவார். அவர் மேல தப்பில்லை. கேமரா அடுத்த வருஷம் சம்பளம் கேட்காது. கவுன்சிலர் கேட்பார். கேமராவை போட்டோ எடுத்துப் போடலாம், திறப்பு விழா நடத்தலாம். ஒரு பையன் மனசு மாறி வீட்டுக்குப் போனதை போட்டோ எடுக்க முடியாது. அதனால்தான் கல்வி நிறுவனங்களுக்குப் பாதுகாப்புச் சாதனம் விற்கிற தொழில், ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2021லேயே சுமார் 310 கோடி டாலரைத் தொட்டது.

ஆக, என் தீர்ப்பு இது. நீங்க மாத்தலாம்!

ஒரே தடவை வரும் பணத்தை ஒரே தடவை வாங்கும் பொருளுக்கு வெச்சுக்கோங்க. கதவு, பூட்டு, அபாய பட்டன். கூடவே அதைப் பராமரிக்கிற செலவையும் அப்பவே எடுத்து வைக்கணும். மனிதருக்குச் சம்பளம் என்றால், அது போலீஸோ கவுன்சிலரோ, மாநில பட்ஜெட்டில் மாணவர் எண்ணிக்கைப்படி வருஷா வருஷம் வரணும். ஏழை ஊருக்குக் கொஞ்சம் கூடுதலாக வரணும். துப்பாக்கி வரி வரட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனால் அது சாதத்துக்கு ஊறுகாயா இருக்கணும். சாதமா இருக்கக் கூடாது. 'ஒவ்வொரு பள்ளியிலும் இது கட்டாயம்'னு சட்டம் போடுகிறவர் எவரோ, முழு பில்லையும் அவரே கட்டணும்.

பாதுகாப்பின் முதல் படி யார் தெரியுமா? போலீஸும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. பத்தில் எட்டு முறை முன்கூட்டியே தெரிஞ்சுவெச்சிருந்தாங்களே, அந்த கிளாஸ்மேட். கொலம்பைன் விசாரணைக் குழு சொன்னதைக் கேட்டு, கொலராடோவில் 2004ல் ஆரம்பிச்ச ஒரு சேவை இருக்கு. பேர் 'சேஃப் டு டெல்'. சொல்றது பாதுகாப்பானதுன்னு அர்த்தம். பெயர் சொல்லாமல் ஒரு மாணவர் தகவல் கொடுக்கலாம். கொடுத்தவர் யார் என்று வெளியே தெரியாமல் இருக்கச் சட்டமே இருக்கு. அங்கே பல வருஷங்கள் முதலிடத்தில் வந்த தகவல் எது தெரியுமா? துப்பாக்கி இல்லை. 'என் ஃப்ரெண்ட் தற்கொலை பண்ணிக்கப் போறேன்னு சொல்றான், யாராவது போங்க ப்ளீஸ்'.

அந்த போனை எடுக்க, ராத்திரி ரெண்டு மணிக்கும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கணும். அவருக்கு இந்த மாசமும் அடுத்த மாசமும் சம்பளம் போகணும்.

இந்த வார வேலை: உங்க காலேஜ் பிரின்சிபால் உங்களைக் கூப்பிட்டு, 'பாதுகாப்புக்கு 10 லட்சம் ரூபாய். ஒரே தடவைதான். எதுக்குச் செலவு பண்ணலாம்?'னு கேட்டா என்ன சொல்வீங்க? சம்பளம் கேட்கிற ஆளா, கேட்காத கேமராவா? காரணத்தோடு நாலே வரியில் எழுதி அனுப்புங்க. 'மூணும் வேணும்'னு எழுதறவங்களுக்கு சமோசா கட்!

அடுத்த வாரம் வேற வாக்குவாதம். டீ ஆறிடுச்சு, குடிங்க.